வெட்டுக்கிளி வராத ஆண்டுகளின் காவல்காரர்கள்

2020ஆம் ஆண்டு மே மாதம். கோவிட் ஊரடங்கால் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த நேரலகிரி என்ற கிராமத்தில், எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் கூட்டங்கூட்டமாக அமர்ந்து இலைகளைத் தின்று கொண்டிருந்தன. பார்த்தவர்களின் நெஞ்சு பதறியது. 2019இல் சூர்யா நடிப்பில் கே.வி. ஆனந்த் இயக்கிய 'காப்பான்' படத்தில், வெட்டுக்கிளிகள் வயல்களை அழிக்கும் காட்சியை அவர்கள் திரையில் பார்த்திருந்தார்கள். படத்தில் வந்தது ஊருக்கே வந்துவிட்டது என்ற பேச்சு கைத்தொலைபேசிகளில் பறந்தது.

வேளாண்மைத் துறையினர் வந்து பூச்சிகளைச் சோதித்தார்கள். இவை எருக்கஞ்செடியை விரும்பித் தின்னும் உள்ளூர் வகை, வட இந்தியாவைத் தாக்கும் பாலைவன வெட்டுக்கிளி அல்ல என்று விளக்கினார்கள். ஊர் மக்கள் நிம்மதி அடைந்தார்கள்.

அதே மாதம் 25ஆம் தேதி, ராஜஸ்தானின் தலைநகரான ஜெய்ப்பூரில் அந்த நிம்மதிக்கு இடமில்லை. உண்மையான பாலைவன வெட்டுக்கிளிகள் நகரத்தின் மொட்டை மாடிகளுக்கு மேலே திரைபோட்டது போலப் பறந்தன. மக்கள் தட்டுகளைத் தட்டி விரட்டப் பார்த்தார்கள். அங்கிருந்து மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரா என்று அந்தப் படை கிழக்கே நகர்ந்தது. ஜூன் மாத இறுதியில் டில்லியை ஒட்டிய குருகிராம் வரை வந்து சேர்ந்தது.

இந்தப் பூச்சியை எதிர்கொள்ள இந்திய அரசாங்கத்தில் தனி அலுவலகம் ஒன்று 1939ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. வெட்டுக்கிளி வராத ஆண்டுகளிலும் அதன் ஊழியர்கள் பாலைவனத்தில் வெட்டுக்கிளியைத் தேடிக் கொண்டே இருக்கிறார்கள். அந்த அலுவலகம் ஏன் பிறந்தது, என்ன சாதித்தது, எங்கே திணறியது என்பது, விவசாயம் செய்யும் எந்த நாட்டுக்கும் பாடமாக அமையும் வரலாறு.

சாதுவாக இருந்து படையாக மாறும் பூச்சி

முதலில் எதிரியை அறிந்து கொள்ள வேண்டும். பாலைவன வெட்டுக்கிளிக்கு இரண்டு முகங்கள் உண்டு. மழையில்லாத காலத்தில் அது தனியாக வாழும் சாதுவான பூச்சி. யாருக்கும் தொல்லை தராது. பாலைவனத்தில் நல்ல மழை பெய்து, மணல் ஈரமாகி, பசும்புல் முளைத்தால் அது முட்டையிட்டுப் பெருகத் தொடங்குகிறது. பிறகு நிலம் காய்கிறது. எஞ்சியிருக்கும் கொஞ்சம் பசுமையில் எல்லாப் பூச்சிகளும் நெருங்கி வாழ வேண்டிய நிலை வருகிறது. அப்போது அதன் நிறமும் குணமும் மாறி, அது கூட்டத்தோடு கூட்டமாகப் பறக்கும் படையாகிறது.

நீண்ட காலம் இந்த இரண்டையும் இருவேறு பூச்சிகள் என்றே நினைத்தார்கள். லண்டனில் பணியாற்றிய ரஷ்ய அறிஞர் போரிஸ் உவரோவ், வெட்டுக்கிளி ஒன்றுதான், அதன் நிலைதான் மாறுகிறது என்று 1921இல் விளக்கினார். இந்த மாற்றத்தின் தொடக்கத்தில் செரோட்டோனின் என்ற நரம்புப் பொருள் பெரும் பங்கு வகிக்கிறது என்பதை 2009இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். பூச்சிகளின் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசுவதே அதைத் தூண்டிவிடப் போதுமாம்.

ஒரு வெட்டுக்கிளியின் எடை ஏறக்குறைய 2 கிராம். ஒரு நாளில் தன் எடைக்குச் சமமான இலையைத் தின்கிறது. 1 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரை பூச்சிகள் இருக்கலாம். அப்படிப்பட்ட சிறிய கூட்டமே 35,000 பேருக்குப் போதுமான உணவை ஒரே நாளில் தின்றுவிடும் என்கிறது ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம். காற்று வாக்காக அது ஒரு நாளில் 150 கிலோமீட்டர் வரை பறக்கும்.

இங்கேதான் அரசாங்கத்தின் வேலை தொடங்குகிறது. நெல்லில் புகையான் வந்தால் அந்த வயலின் சொந்தக்காரர் மருந்தடிக்கலாம். வெட்டுக்கிளியோ காலையில் ஒரு மாவட்டத்திலும் மாலையில் இன்னொரு மாவட்டத்திலும் இருக்கிறது. நேற்று ஒரு நாட்டில் பிறந்தது இன்று மற்றொரு நாட்டில் மேய்கிறது. தனி விவசாயி எவ்வளவு உழைப்பாளியாக இருந்தாலும் இதற்கு ஈடுகொடுக்க முடியாது.

10 கோடி ரூபாய் கற்றுத் தந்த பாடம்

1926 முதல் 1931 வரை, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளை வெட்டுக்கிளிகள் மீண்டும் மீண்டும் தாக்கின. அந்த ஆண்டுகளின் பயிர்ச்சேதம் ஏறக்குறைய 10 கோடி ரூபாய் என்று இந்திய வேளாண்மை அமைச்சின் பதிவுகள் கூறுகின்றன. அன்றைய 10 கோடி இன்றைய கணக்கில் எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது மக்களிடம் இருந்த ஆயுதங்கள் என்ன? தகர டின்கள், பறைகள், தீப்பந்தங்கள். இறக்கை முளைக்காத குஞ்சுகள் ஊர்ந்து வரும் வழியில் பள்ளம் வெட்டி, அவற்றை உள்ளே தள்ளி மண்ணைப் போட்டு மூடினார்கள். ஒரு மாகாணத்தில் விரட்டப்பட்ட பூச்சி அடுத்த மாகாணத்தில் போய் இறங்கியது. எங்கிருந்து வருகிறது, எப்போது வரும் என்பதைச் சொல்ல ஆளில்லை.

அந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் பொறுப்பு ஓர் இந்திய அறிஞரிடம் வந்தது. அவர் ஒய். ராமச்சந்திர ராவ். கோயம்புத்தூரில் சென்னை மாகாண அரசின் பூச்சியியல் அறிஞராகப் பணியாற்றியவர். தென்னிந்தியாவின் பசுமையில் பூச்சிகளை ஆராய்ந்தவர், 1930களில் கராச்சிக்கும் பலுசிஸ்தானின் வறண்ட கடற்கரைக்கும் சென்றார். பஸ்னி என்ற கடலோர ஊர் அவருடைய ஆய்வுக் களங்களில் ஒன்றானது.

பல ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்து அவரும் அவருடைய குழுவினரும் கண்ட உண்மை இதுதான். பலுசிஸ்தான் கடற்கரையில் குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் மழை பெய்கிறது. தார் பாலைவனத்தில் கோடையின் பருவமழை பெய்கிறது. வெட்டுக்கிளி இந்த இரண்டு மழைகளையும் பின்தொடர்ந்து இரண்டு இடங்களிலும் மாறிமாறி இனப்பெருக்கம் செய்கிறது. படையாகத் திரளாத காலத்திலும், தனியாக வாழும் பூச்சிகள் யார் கண்ணிலும் படாமல் இந்தப் பயணத்தைச் செய்து கொண்டே இருக்கின்றன.

இதன் பொருள் மிகப் பெரியது. வெட்டுக்கிளி திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதில்லை. மழை பெய்த பாலைவனத்தைக் கவனித்தால் அது பெருகுவதை முன்கூட்டியே காணலாம். கண்டால் எச்சரிக்கலாம். அவருடைய ஆய்வுகளின் தொகுப்பு, 'இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளி' என்ற பொருள்படும் தலைப்பில் 1960இல் ஆங்கில நூலாக வெளிவந்தது.

எல்லைக்கோட்டில் ஒரு மேசை

1939இல் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. புதுடில்லியில் தலைமையகமும் கராச்சியில் துணை நிலையமும் அமைந்தன. எட்டே ஆண்டுகளில் நாடு இரண்டாகப் பிரிந்தது. கராச்சியும் பலுசிஸ்தானும் பாகிஸ்தானுக்குப் போயின. தார் பாலைவனத்தின் பெரும்பகுதி இந்தியாவில் நின்றது. மனிதர்கள் போட்ட கோடு வெட்டுக்கிளிக்குத் தெரியாது. அது வழக்கம்போல் பறந்தது.

இந்தியாவின் எச்சரிக்கைப் பணி பின்னர் ராஜஸ்தானின் ஜோத்பூரை மையமாகக் கொண்டது. பிகானேர், ஜெய்சல்மேர், பார்மேர், குஜராத்தின் புஜ், பாலன்பூர் போன்ற ஊர்களில் வட்ட அலுவலகங்கள் அமைந்தன. இவற்றின் கண்காணிப்பில் உள்ள பாலைவனப் பரப்பு ஏறக்குறைய 2 லட்சம் சதுர கிலோமீட்டர். ஊழியர்கள் ஜீப்பில் சென்று, ஆங்காங்கே இறங்கி நடந்து, மண்ணின் ஈரம், செடிகளின் பசுமை, கண்ணில் பட்ட பூச்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக் கொள்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அந்தக் குறிப்பேட்டில் எழுதப்படுவது, பூச்சி இல்லை என்ற செய்திதான்.

இரண்டு நாடுகளுக்கும் இடையே பகை வளர்ந்த போதும் ஒரு கதவு மட்டும் திறந்தே இருந்தது. 1977ஆம் ஆண்டு முதல் இரு நாட்டு வெட்டுக்கிளி அதிகாரிகளும் எல்லையில் சந்தித்துப் பேசத் தொடங்கினர். ஜூன் முதல் நவம்பர் வரையான வெட்டுக்கிளிப் பருவத்தில், இந்தியாவின் முனாபாவிலோ பாகிஸ்தானின் கோக்ராபாரிலோ அவர்கள் கூடினார்கள். 1965 போரில் அறுந்த இரயில் பாதை இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவேதான் ஓடுகிறது. 2006இல் மீண்டும் ஓடத் தொடங்கிய இரயில், 2019 ஆகஸ்டில் மறுபடியும் நின்றது. அதே 2019இல் வெட்டுக்கிளிக்கான எல்லைச் சந்திப்புகள் நடந்தன.

பலன் கிடைத்ததா? அமைச்சின் பதிவுகளே சொல்கின்றன. 1940 முதல் 1946 வரையும், 1949 முதல் 1955 வரையும் ஒவ்வொரு தாக்குதல் காலத்திலும் சேதம் ஏறக்குறைய 2 கோடி ரூபாய். 1959 முதல் 1962 வரை 50 லட்சம் ரூபாய். 1993இல் 172 கூட்டங்கள் வந்தன. அப்போது பதிவான சேதம் 7 லட்சம் ரூபாய்க்குச் சற்றே அதிகம். ரூபாயின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சரிவு இன்னும் பெரியது.

எல்லாப் புகழும் ஓர் அலுவலகத்துக்கே என்று சொல்வது நியாயமாகாது. மழை பொய்த்த ஆண்டுகளும் கைகொடுத்தன. அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மற்ற நாடுகள் எடுத்த நடவடிக்கைகளும் உதவின. ஆனாலும், வருமுன் கண்டுபிடித்துச் சிறிய அளவிலேயே அழிப்பது என்ற கொள்கை சரியானது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

9 மில்லியன் 100 மில்லியன் ஆன கதை

கொள்கை சரியாக இருந்தாலும் அதற்குப் பணம் ஒதுக்க மனம் வேண்டும். வெட்டுக்கிளி இல்லாத ஆண்டுகளில் எந்த நிதியமைச்சும் ஒரு கேள்வியைக் கேட்கும். வராத பூச்சிக்கு எதற்கு வாகனம், எதற்குச் சம்பளம்?

அந்தக் கேள்விக்கான பதிலை மேற்கு ஆப்பிரிக்கா மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 2003ஆம் ஆண்டு கோடையில் சஹாராவின் தென் விளிம்பில் நல்ல மழை. மொரித்தானியா, மாலி, நைஜர் நாடுகளில் வெட்டுக்கிளிகள் பெருகத் தொடங்கின. உணவு, விவசாய நிறுவனம் எச்சரித்தது. 2004 தொடக்கத்தில் அது உதவும் நாடுகளிடம் கேட்ட தொகை 9 மில்லியன் அமெரிக்க டாலர். பணம் மெல்ல வந்தது. பூச்சி மெல்ல வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தேவைப்பட்ட தொகை 100 மில்லியன் டாலராக உயர்ந்துவிட்டது.

இறுதியில் சுமார் 13 மில்லியன் ஹெக்டேர் நிலத்தில் மருந்து தெளிக்க வேண்டியிருந்தது. செலவு 400 மில்லியன் டாலரைத் தாண்டியது. ஏற்கெனவே வறட்சியில் தவித்த நைஜர் போன்ற நாடுகளில் ஏழை விவசாயக் குடும்பங்கள் உணவுக்குத் திண்டாடின. தொடக்கத்தில் கேட்ட பணம், கேட்ட நேரத்தில் கிடைத்திருந்தால் எத்தனை தானியக் குதிர்கள் நிறைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

யாரும் பார்க்காத பாலைவனம்

2018இல் வேறொரு வகையான கதை நடந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் மெக்குனு புயலும், அக்டோபரில் லூபான் புயலும் அரேபியத் தீபகற்பத்தைத் தாக்கின. ரூப் அல் காலி என்ற பெரும் மணற்காட்டில் மழை கொட்டியது. அங்கே மனித நடமாட்டம் கிடையாது, சாலை கிடையாது. வெட்டுக்கிளிகள் யார் கண்ணிலும் படாமல் மூன்று தலைமுறைகள் பெருகின. அவற்றின் எண்ணிக்கை 8,000 மடங்கு உயர்ந்ததாக உணவு, விவசாய நிறுவனம் மதிப்பிட்டது.

அங்கிருந்து ஏமனுக்குப் போன கூட்டங்களைத் தடுக்க ஆளில்லை. உள்நாட்டுப் போர் அந்த நாட்டின் வெட்டுக்கிளித் தடுப்புப் பணியை முடக்கியிருந்தது. ஒரு பிரிவு செங்கடலைத் தாண்டி எத்தியோப்பியா, சோமாலியா வழியாகக் கென்யாவை அடைந்தது. கென்யா அப்படியொரு தாக்குதலை 70 ஆண்டுகளாகக் கண்டதில்லை. மற்றொரு பிரிவு ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியா பக்கம் திரும்பியது. ஒரு நாட்டின் காவல் தவறினால் அதன் தண்டனையைப் பல நாடுகள் அனுபவிக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2019 மே மாதம் தொடங்கி 2020 பிப்ரவரி வரை, ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் 4 லட்சம் ஹெக்டேருக்கு மேல் மருந்து தெளிக்கப்பட்டது. அப்படியும் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் கடுகும் சீரகமும் அழிந்தன. அறுவடைக்குக் காத்திருந்த விவசாயிக்கு, ஒரே இரவில் வெறும் தண்டுகள்தான் மிஞ்சின.

2020இல் வழக்கத்தைவிட முன்பாகவே, ஏப்ரல் மாதத்திலிருந்து அடுத்த அலை வந்தது. பருவமழைக்கு முன்பு பாலைவனத்தில் தின்ன ஒன்றுமில்லை. அதனால்தான் கூட்டங்கள் பசுமையைத் தேடி ஜெய்ப்பூர் வரை பறந்தன. பாலைவனத்தைக் காப்பதற்காக அமைந்த ஏற்பாடு, பல மாநிலங்களுக்குப் பரவிய படையைத் துரத்த வேண்டியதாயிற்று. மே மாத இறுதியில் மத்திய அரசிடம் இருந்த தெளிப்பு வாகனங்கள் 47. தீயணைப்பு வண்டிகளும் டிராக்டர்களும் உதவிக்கு வந்தன. இங்கிலாந்தில் வாங்கப்பட்ட புதிய தெளிப்பான்கள் ஜூன் மாதத்திலிருந்துதான் வந்து சேர்ந்தன.

வெட்டுக்கிளிகள் மாலையில் மரங்களில் அடையும். இரவு முழுவதும் அசையாது. எனவே ஊழியர்கள் பகலெல்லாம் கூட்டத்தைப் பின்தொடர்ந்து, நள்ளிரவிலும் விடியற்காலையிலும் மருந்து தெளித்தார்கள். வாகனம் நுழைய முடியாத இடங்களுக்கு டிரோன்கள் அனுப்பப்பட்டன. வெட்டுக்கிளியை அழிக்க டிரோனைப் பயன்படுத்திய முதல் நாடு இந்தியா என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஊரடங்கு காலத்தில், இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் அதிகாரிகள் இணையவழியில் கூடித் தகவல் பரிமாறிக் கொண்டார்கள். எல்லை மேசைக்கு ஒரு மாற்று கிடைத்தது.

பழைய ஏற்பாடு இருந்ததால்தான் புதிய கருவிகளை எங்கே அனுப்புவது என்று தெரிந்தது. அதே நேரத்தில், 1993க்குப் பிறகு அவ்வளவு பெரிய தாக்குதலைச் சந்திக்காத ஏற்பாடு தொடக்கத்தில் மூச்சு வாங்கியதும் உண்மை. அமைதியான கால் நூற்றாண்டு எந்த அலுவலகத்தையும் சற்றுச் சோம்பலடைய வைத்துவிடும்.

மருந்து தெளிப்பதிலும் கவனம் வேண்டும். வெட்டுக்கிளியைக் கொல்லும் மருந்து தேனீயையும் கொல்லும். அதனால்தான் சோமாலியா 2020இல், வெட்டுக்கிளி இனத்தை மட்டும் தாக்கும் பூஞ்சைக் காளானிலிருந்து செய்த உயிரி மருந்தைப் பெருமளவில் பயன்படுத்தியது. இந்த மருந்து மெதுவாகவே வேலை செய்யும், குஞ்சுப் பருவத்தில்தான் நன்றாகப் பலன் தரும். அதாவது, முன்கூட்டியே கண்டுபிடிக்கும் நாட்டுக்குத்தான் மென்மையான மருந்து பயன்படும். தாமதிக்கும் நாட்டுக்குக் கடுமையான மருந்துதான் வழி.

நமக்கு இதில் என்ன?

பாலைவன வெட்டுக்கிளி நம் வட்டாரத்துக்கு வரும் பூச்சியன்று. ஆனால் இந்தப் பாடம் நமக்குப் புதிதும் அன்று. டிங்கிக் காய்ச்சல் இல்லாத மாதத்திலும் அதிகாரிகள் வீடு வீடாக வந்து பூச்சட்டியையும் வாளியையும் சோதிக்கிறார்கள். ஒரு கொசுப் புழுவும் சிக்காத நாளில், இந்தச் சோதனை எதற்கு என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். சிக்காமல் இருப்பதே அந்தச் சோதனையின் பலன் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

"வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்" என்று நம் முன்னோர் சொன்ன அறிவுரை, அரசாங்கங்களின் வரவு செலவுத் திட்டத்துக்கும் பொருந்தும். வெள்ளத்துக்குப் பின் வழங்கும் நிவாரணம் எல்லார் கண்ணிலும் படும். வெள்ளம் வராமல் தூர்வாரிய கால்வாய் யார் கண்ணிலும் படாது. ஆகவே முதலாவதற்குக் கைதட்டும் நாம், இரண்டாவதற்கும் கைதட்டப் பழக வேண்டும்.

தார் பாலைவனத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, மணலில் இறங்கி, செடிகளைத் தட்டிப் பார்க்கும் ஊழியரின் குறிப்பேட்டில் பூச்சி இல்லை என்று எழுதப்படும் நாளே விவசாயிக்கு நல்ல நாள். அந்த வெறும் வரியை எழுத ஓர் ஆளை ஆண்டு முழுவதும் வைத்திருக்கும் செலவு, பனாஸ்காந்தாவின் ஒரு சீரக வயல் அழியும் செலவைவிடக் குறைவா அதிகமா என்று அந்த வயலின் சொந்தக்காரரைக் கேட்டால் உடனே பதில் சொல்வார்.